பிக்மி முயலும் பிளாக்பர்ன் அந்துப்பூச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின் கீழ் ஒரு முயலும் ஓர் அந்துப்பூச்சியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பட்டியலுக்கு வந்தன. முயல் வாஷிங்டன் மாநிலத்துப் புதர்க்காட்டில் வாழ்வது. அந்துப்பூச்சி ஹவாய்த் தீவுகளின் வறண்ட காட்டைச் சேர்ந்தது. ஒரே சட்டம், ஒரே துறை. ஆனாலும் இரண்டும் போன பாதை வேறு வேறு. காட்டுயிர்ப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த இணையை நான் எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. அப்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

எந்த முயல், எந்த அந்துப்பூச்சி என்று முதலில் சொல்லுங்கள்.

முயலின் பெயர் கொலம்பியா பேசின் பிக்மி முயல். வட அமெரிக்க முயல்களிலேயே மிகச் சிறியது. வளர்ந்த முயலே அரைக் கிலோவைத் தொடாது. குட்டைக் காது, சாம்பல் நிறம், வாலில் வெள்ளை கிடையாது. பிக்மி முயல்கள் ஐடஹோ, நெவாடா, ஒரிகன், வயோமிங் போன்ற மாநிலங்களிலும் உண்டு. வாஷிங்டனில் இருந்த கூட்டம் மட்டும் மற்றவற்றிலிருந்து குறைந்தது பத்தாயிரம் ஆண்டுகளாகப் பிரிந்து, தனித்த மரபணுக்களோடு வாழ்ந்து வந்தது. அழிவின் விளிம்புக்குப் போனது அந்தக் கூட்டம்தான்.

அந்துப்பூச்சியின் பெயர் பிளாக்பர்ன் ஸ்பிங்க்ஸ். அறிவியல் பெயர் மண்டூக்கா பிளாக்பர்னி. ஹவாயின் சொந்தப் பூச்சிகளில் இதுதான் மிகப் பெரியது. இறக்கை விரித்தால் 12 சென்டிமீட்டர் வரை வரும். சாம்பலும் பழுப்புமான உடல், வயிற்றின் இருபுறமும் பக்கத்துக்கு ஐந்து ஆரஞ்சுப் பொட்டுகள். எள் வயலில் வாலில் கொம்போடு பருத்த பச்சைப் புழு ஒன்றைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பூச்சியின் புழுதான்.

ஒன்று பாலூட்டி, மற்றொன்று பூச்சி. இவற்றை ஒப்பிடுவதில் என்ன பொருள்?

இரண்டின் உயிரும் ஆளுக்கொரு வகைச் செடியையே பெரிதும் நம்பியிருக்கிறது. முயலுக்கு சேஜ்பிரஷ் புதர். அந்துப்பூச்சியின் புழுவுக்கு இயல்பான உணவு அய்யேயா என்ற மரம். செடி போனால் விலங்கும் போகும். அது வரைக்கும் இரண்டும் ஒன்று. அதற்கு மேல் சட்டம் கொடுத்த இடம், மக்கள் காட்டிய அன்பு, செலவழிந்த பணம், மீட்கக் கையாண்ட வழி எல்லாமே வேறுபட்டன. ஓர் உயிரினத்தைக் காப்பது என்றால் நடைமுறையில் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்பது இந்த இரண்டையும் அருகருகே வைக்கும்போதுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சேஜ்பிரஷ் இல்லாமல் முயல் வேறு எதையும் தின்னாதா?

கோடையில் புல்லும் தின்னும். குளிர்காலத்தில் அதன் உணவில் 99 சதவீதம் வரை சேஜ்பிரஷ்தான். இந்தப் புதர் மரிக்கொழுந்து இருக்கும் ஆர்ட்டிமீசியா பேரினத்தைச் சேர்ந்தது. மரிக்கொழுந்துக்கு வாசம் தருவது போன்ற எண்ணெய்ச் சத்துகள்தான் சேஜ்பிரஷ் இலையிலும் மண்டிக் கிடக்கின்றன. பெரும்பாலான விலங்குகளுக்கு அவை நஞ்சு. அந்த நஞ்சைச் சமாளிக்கும் உடல் இந்தச் சின்ன முயலுக்கு வாய்த்திருக்கிறது. வேறு பசுமை எதுவும் இல்லாத பனிக்காலத்தில் அதற்கு உணவுக்குப் போட்டி அதிகம் கிடையாது.

சேஜ்பிரஷ் அதற்குச் சாப்பாடு மட்டும் இல்லை. பருந்துக்கும் ஆந்தைக்கும் கண்ணில் படாமல் ஒதுங்கும் கூரையும் அதுதான். அந்தப் புதரடியில், ஆழமான இளகிய மண்ணில், தன் வளையைத் தானே தோண்டிக்கொள்ளும். நம் ஊர்க் காட்டு முயல் வளை தோண்டாது. புல் மறைவில் படுத்துக்கொள்ளும், குட்டியும் கண் திறந்தே பிறக்கும். பிக்மி முயலின் குட்டிகளோ கண் மூடிய நிலையில் பிறப்பவை. தாய் அவற்றுக்கென்று தனியாக ஒரு வளை தோண்டும். ஈன்றதும் வாசலை மண்ணால் அடைத்துவிடும். பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும் வந்து திறக்கும். கொடுத்து முடித்ததும் மண்ணைத் தள்ளி மூடி, மேல்மண்ணைச் சமன் செய்துவிட்டுப் போகும். இரண்டடி தள்ளி நிற்பவருக்கும் உள்ளே ஆறு குட்டிகள் இருப்பது தெரியாது. பனி மூடும் காலத்தில் பனிக்கு அடியிலேயே சுரங்கம் அமைத்து ஒரு புதரிலிருந்து இன்னொரு புதருக்குப் போய் வரும்.

அதனால் புதர் இருந்தால் மட்டும் போதாது, அதன் அடியில் தோண்டத்தக்க மண்ணும் வேண்டும். உழவுக்கு ஏற்ற மண்ணும் அதே மண்தான். சிக்கல் தொடங்கியது அங்கேதான்.

அந்துப்பூச்சியின் வாழ்க்கை எப்படி?

முட்டையிலிருந்து வரும் புழு இலையைத் தின்று 9 சென்டிமீட்டர் நீளம் வரை வளர்கிறது. பிறகு மரத்திலிருந்து இறங்கி மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிறது. எல்லாம் கூடி வந்தால் முட்டையிலிருந்து பூச்சி வரை 56 நாளில் முடிந்துவிடும். வறட்சி என்றால் மண்ணுக்குள்ளேயே ஓராண்டு வரை காத்திருக்கும்.

வளர்ந்த பூச்சி இரவில் பறந்து தேன் குடிக்கும். அது நாடிப் போகும் பூக்களில் இரண்டு நமக்கு அந்நியமில்லை. ஒன்று, நம் ஊரில் கொடிவேலி என்றும் சித்திரமூலம் என்றும் சொல்லும் அதே செடி. ஹவாயிலும் அது இயற்கையாகவே உண்டு. இன்னொன்று மாயாபிலோ. நம் ஆதொண்டைக்கு நெருங்கிய உறவு. அதன் வெள்ளைப் பூ அந்தி சாய்ந்த பிறகுதான் விரியும். நீண்ட உறிஞ்சுகுழலோடு இரவில் வரும் இந்தப் பூச்சி அந்தச் செடிகளுக்கும் வேண்டியது.

இரண்டும் இந்த நிலைக்கு எப்படி வந்தன?

முயலின் கதை நிலத்தின் கதை. கொலம்பியா ஆற்றுப் படுகையின் சேஜ்பிரஷ் காடு முதலில் கோதுமை வயலானது. 1942-இல் கிராண்ட் கூலி அணை வந்து, பிறகு பாசனக் கால்வாய்கள் நீண்டபோது மிச்சமிருந்ததிலும் பெரும்பகுதி போயிற்று. எஞ்சிய துண்டுகளில் மாடுகள் மேய்ந்தன, தீ பிடித்தது. ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்கு இந்த முயலால் போக முடியவில்லை. திறந்த வெளியைக் கடப்பது அதற்கு உயிர் போகிற காரியம். தனித்தனியாகச் சிக்கிய கூட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. 2001-இல் மிஞ்சியது டக்ளஸ் மாவட்டத்தில் சேஜ்பிரஷ் ஃப்ளாட் என்ற ஒரே இடம்.

அந்துப்பூச்சியின் எதிரிகள் அதிகம். ஹவாயின் வறண்ட காடுகளில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்துவிட்டன. ஆடும் மாடும் மானும் அய்யேயா கன்றுகளைத் தலையெடுக்க விடவில்லை. எறும்பு இன்னொரு கேடு: அந்தத் தீவுகளுக்குச் சொந்த எறும்பே கிடையாது. கப்பலேறி வந்த எறும்புகளிடமிருந்து தப்பும் வழி அங்கே தோன்றி வளர்ந்த முட்டைக்கும் புழுவுக்கும் தெரியாது. இவற்றோடு ஒட்டுண்ணிக் குளவிகளும் சேர்ந்துகொண்டன. நம் கரும்பு விவசாயிகள் தண்டுத் துளைப்பானுக்கு எதிராக அட்டையில் ஒட்டிக் கட்டும் டிரைக்கோகிரம்மா இனத்துக் குளவிகளை ஹவாயிலும் பயிர்ப் பூச்சிகளை ஒழிக்க விட்டார்கள். பயிரைத் தின்னும் பூச்சியின் முட்டைக்கும் அபூர்வப் பூச்சியின் முட்டைக்கும் அந்தக் குளவி வேறுபாடு பார்ப்பதில்லை.

1970-களின் முடிவில் இந்தப் பூச்சி அழிந்தே போயிற்று என்று நினைத்தார்கள். 1984-இல் மாவி தீவின் கனாயோ பகுதியில், எரிமலைப் பாறைகளுக்கு நடுவே எஞ்சியிருந்த வறண்ட காட்டில் ஒரு கூட்டம் கண்ணில் பட்டது. 2000-இல் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பட்டியலில் ஏறிய முதல் ஹவாய்ப் பூச்சி இதுதான்.

மான் என்றீர்களே, ஹவாயில் மான் ஏது?

நம் புள்ளிமான்தான். 1868-இல் மன்னர் ஐந்தாம் கமேஹமேஹாவுக்குப் பரிசாக மொலக்காய் தீவுக்கு வந்து இறங்கியது. மாவிக்கு 1959-இல், வேட்டைக்காகக் கொண்டுவந்தார்கள். கிண்டியிலும் முதுமலையிலும் நாம் போற்றிக் காக்கும் விலங்கு அங்கே காட்டைத் தரைமட்டமாக்குகிறது. புலியும் சிறுத்தையும் செந்நாயும் இல்லாத தீவில் அதன் பெருக்கத்துக்கு அணை கிடையாது. அய்யேயாவைக் காப்பவர்களின் முதல் செலவு வேலி. மான் தாண்டாத உயரத்துக்கு வேலி போட வேண்டும், பாறை நிலத்தில் கம்பம் நட வேண்டும். அந்தப் பூச்சிக்கான பணத்தில் பெரும்பங்கு வலை பிடித்துத் திரிவதற்குப் போவதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். வேலிக்கும் நாற்றுக்கும்தான் போகிறது.

சட்டம் இரண்டையும் ஒரே கண்ணோடு பார்க்கிறதா?

இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. நான் அதிகம் வலியுறுத்துவதும் இதைத்தான்.

பிக்மி முயல் என்ற இனம் உலக அளவில் அழியும் நிலையில் இல்லை. மற்ற மாநிலங்களில் இருக்கிறது. அப்படியிருந்தும் வாஷிங்டன் கூட்டத்தை மட்டும் தனியாகப் பிரித்து, 'இந்தக் கூட்டம் அழிவின் விளிம்பில் உள்ளது' என்று 2001 நவம்பரில் அவசரப் பட்டியலிட முடிந்தது. 2003-இல் அது நிரந்தரமானது. தனித்த ஒரு கூட்டத்துக்கு மட்டும் பாதுகாப்புத் தர அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி முதுகெலும்புள்ள விலங்குகளுக்கு மட்டும். பூச்சிக்குக் கிடையாது. பூச்சி என்றால் முழு இனமோ துணையினமோ அழியும் நிலைக்கு வந்தாக வேண்டும்.

நினைத்துப் பாருங்கள். பிளாக்பர்ன் அந்துப்பூச்சி இன்னொரு நாட்டில் நன்றாக வாழ்ந்து, ஹவாயில் மட்டும் கனாயோவின் அந்த ஒரே கூட்டமாக மிஞ்சியிருந்தால், அதற்கு இந்தப் பட்டியலில் இடமே கிடைத்திருக்காது. முயலுக்குக் கிடைத்த வாய்ப்பு அதற்கு இல்லை. உலகத்தில் வேறெங்கும் இல்லை என்பதால்தான் அதற்குச் சட்டத்தின் கதவு திறந்தது.

இன்னொரு விதியும் உண்டு. மனிதருக்குப் பெருங்கேடு விளைவிக்கும் பயிர்ப் பூச்சி என்று அரசு தீர்மானித்தால், எவ்வளவு அரிதானாலும் அந்தப் பூச்சிக்குப் பாதுகாப்பு இல்லை. பிளாக்பர்ன் அந்துப்பூச்சியின் நெருங்கிய உறவினர் அமெரிக்கத் தக்காளித் தோட்டங்களை மொட்டையடிக்கும் கொம்புப் புழு. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே இனம் என்றுகூடக் கருதினார்கள். வகைப்பாட்டியல் அறிஞர்கள் உட்கார்ந்து இரண்டையும் பிரித்துக் காட்டியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குக் கவலை தரும் எண்ணம். எளிய அடையாளப் பணி என்று யாரும் பொருட்படுத்தாத வேலை ஓர் உயிரினத்தின் சட்ட நிலையையே தீர்மானித்துவிடும்.

கடைசி முயல்களைப் பிடித்து வளர்த்தார்களாமே?

ஆம். 2001-இல் சேஜ்பிரஷ் ஃப்ளாட்டிலிருந்து 16 முயல்களைப் பிடித்தார்கள். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம், ஒரிகன் உயிரியல் பூங்கா, நார்த்வெஸ்ட் ட்ரெக் காட்டுயிர்ப் பூங்கா ஆகிய இடங்களில் வளர்த்தார்கள். 2004-இன் நடுவில் காட்டில் ஒன்றுகூட இல்லை. பிடித்ததுதான் மிச்சம்.

பிடித்தவையும் பெருகவில்லை. எண்ணிக்கை குறுகிக் குறுகி உறவுக்குள்ளேயே இனம் பெருக்கியதால் குட்டிகள் குறைந்தன, பிறந்தவையும் நோஞ்சானாக இருந்தன. முயல் என்றாலே பல்கிப் பெருகும் என்பது பொது நினைப்பு. இங்கே அது நடக்கவில்லை. வேறு வழியின்றி ஐடஹோ முயல்களோடு கலந்து இனப்பெருக்கம் செய்தார்கள். கலப்பில்லாத கடைசி ஆண் 2006-இலும் கடைசிப் பெண் 2008-இலும் இறந்தன.

அப்படியென்றால் அந்த முயல் அழிந்துவிட்டது என்றுதானே பொருள்?

கலப்பற்ற வடிவில் அழிந்துவிட்டது. அதை மறைக்க வேண்டியதில்லை. அதன் மரபணுக்களில் ஒரு பங்கு இன்று வாஷிங்டன் மண்ணில் ஓடும் முயல்களில் இருக்கிறது. தூய்மையை வைத்துக்கொண்டு கடைசி முயல் சாகும்வரை காத்திருந்தால் அந்தப் பங்கும் இருந்திருக்காது. கலந்தது சரியான முடிவு என்பது என் உறுதியான கருத்து. இன்னும் ஐந்தாறு ஆண்டு முன்பே செய்திருந்தால், அதாவது காட்டிலேயே கூட்டங்கள் எஞ்சியிருந்தபோது வெளியிலிருந்து சில முயல்களைக் கொண்டுவந்து விட்டிருந்தால், உள்ளூர் மரபணு இன்னும் அதிகம் தப்பியிருக்கும்.

2007 மார்ச்சில் 20 முயல்களைக் காட்டில் விட்டார்கள். சில வாரங்களிலேயே பெரும்பாலானவை வேட்டை விலங்குகளுக்கு இரையாயின. அதிலிருந்து கற்றுக்கொண்டு 2011 முதல் வேறு முறை: சேஜ்பிரஷ் நிலத்திலேயே பெரிய வேலி அடைப்புகள். முயல்கள் அங்கேயே வளை தோண்டி, அங்கேயே ஈன்று, குட்டிகள் அந்த மண்ணிலேயே வளர்ந்த பிறகு வெளியே விடப்படும். ஒரிகன், நெவாடா, யூட்டா, வயோமிங் மாநிலங்களிலிருந்து காட்டு முயல்களையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். இந்த முறை பலன் கொடுத்தது.

அந்துப்பூச்சியையும் அப்படிக் கூண்டில் வளர்த்து விடலாமே?

வளர்ப்பது பெரிய காரியமில்லை. இந்தக் குடும்பத்துப் பூச்சிகள் நூற்றுக்கணக்கில் முட்டையிடக் கூடியவை. புழு ஒன்றும் பிடிவாதக்காரனில்லை. கத்தரி இலையும் தக்காளி இலையும் புகையிலையும் தின்னும், எல்லாம் அய்யேயாவின் குடும்பம்தான். ஆனால் வளர்த்த பூச்சியை எங்கே விடுவது? முட்டையிட மரம் வேண்டும், முட்டையை எறும்பும் குளவியும் விட்டுவைக்க வேண்டும். முயல் விஷயத்தில் பற்றாக்குறை முயலுக்குத்தான்; சேஜ்பிரஷ் இன்னும் பெரும்பரப்பில் இருக்கிறது. பூச்சி விஷயத்தில் பற்றாக்குறை மரத்துக்கு. ஹவாய்த் தீவில் வளரும் ஒரு வகை அய்யேயாவே 1994 முதல் அருகிவரும் தாவரமாக அதே பட்டியலில் இருக்கிறது. உணவும் உண்பதும் ஒரே பட்டியலில் இருக்கும்போது கூண்டு வளர்ப்பால் என்ன ஆகும்? அங்கே நாற்றங்கால்தான் மருத்துவமனை.

மரப்புகையிலை பற்றிச் சொல்லுங்கள். அது களையா, காவலா?

இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளில் கடினமானது இதுதான்.

மரப்புகையிலை தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. ஹவாயில் சாலையோரம், கைவிட்ட நிலம், மண் கிளறிய இடம் எங்கும் தானாக முளைக்கிறது. அய்யேயா குறையக் குறைய அந்துப்பூச்சி இதில் முட்டையிட ஆரம்பித்தது. புழுவும் தின்று வளர்ந்தது. கஹோலாவே தீவில் அமெரிக்கக் கடற்படை 1990 வரை குண்டு போட்டுப் பயிற்சி எடுத்தது. ஆடுகள் அதை மொட்டையாக்கின. இன்று அங்கே இந்தப் பூச்சி வாழ்கிறதென்றால் மரப்புகையிலையை நம்பித்தான் வாழ்கிறது.

எனவே அதைக் களை என்று பிடுங்கிப் போட முடியாது. சாலையை அகலப்படுத்த வருபவர்கள்கூட முதலில் அந்தச் செடிகளில் முட்டை, புழு, கடித்த இலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மண்ணுக்குள் கூட்டுப்புழு இருக்கலாம் என்பதால் செடியைச் சுற்றி 10 மீட்டர் வரை மண்ணைக் கிளறுவதற்கும் கட்டுப்பாடு உண்டு.

அதற்காக மரப்புகையிலை இருக்கிறதே, பூச்சி பிழைத்துக்கொள்ளும் என்று இருந்துவிடலாமா? கூடாது. அது குறுகிய ஆயுள் கொண்ட செடி. வறட்சியில் இலை உதிர்த்துவிடும். புழு பாதியில் பட்டினி கிடக்கும். அது முளைப்பது சாலையோரத்திலும் கட்டுமான மனைகளிலும். அங்கேதான் புல்டோசரும் வரும். அய்யேயா பல்லாண்டு நிற்கும் மரம், தேன் தரும் செடிகளும் அதைச் சுற்றியே வளர்கின்றன. வேலிக்குள் அய்யேயா கன்றுகள் நட்டு, அவை இலை தழைத்துப் புழுவைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்த பிறகு அந்த வட்டாரத்து மரப்புகையிலையைச் சிறுகச் சிறுகக் குறைப்பதுதான் ஏற்ற வழி என்பேன். இந்த வரிசை மாறினால் பூச்சிக்கு இரண்டும் இல்லாமல் போகும்.

முயலின் நாட்டில் வந்தேறித் தாவரம் நேர்மாறான வேலை செய்கிறது. அதற்கு அடுத்த கேள்வி.

தீ இவ்வளவு பெரிய ஆபத்தா?

சேஜ்பிரஷ் எரிந்தால் வேரிலிருந்து துளிர்க்காது. விதையிலிருந்துதான் வர வேண்டும், முயலுக்கு நிழல் தரும் உயரத்தை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். புதர்களுக்கு நடுவே ஒரு காலத்தில் வெற்று மண் இருந்தது. தீ தாவ வழியில்லை. இன்று அந்த இடைவெளியைச் சீட்கிராஸ் என்ற வந்தேறிப் புல் நிரப்பியிருக்கிறது. கோடை தொடங்கும்போதே காய்ந்து சருகாகிவிடும் புல் அது. ஒரு பொறி போதும்.

2017-இல் பீஸ்லி ஹில்ஸ் அடைப்பைத் தீ சூழ்ந்தது. பெரும்பாலான முயல்கள் மடிந்தன. வளைக்குள் ஒடுங்கியிருந்த சிலவற்றைத் துறையினர் புகைக்கு நடுவே தேடி எடுத்தார்கள். 2020 செப்டம்பரில் பேர்ல் ஹில் தீ 2 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. ஜேம்சன் ஏரிப் பக்கம் வளர்த்துவந்த கூட்டம் அதில் போயிற்று. பத்தாண்டு உழைப்பில் பெரும்பங்கு சில நாளில் கரிந்தது. இதனால்தான் முயல்களை ஒரே இடத்தில் வைக்காமல் எட்ட எட்டப் பல இடங்களில் பரப்புகிறார்கள்.

ஹவாயிலும் இதே கதைதான். அங்கே எரிவது கினியாப் புல்லும் கொழுக்கட்டைப் புல் வகையும். மாட்டுத் தீவனமாக வந்து வறண்ட காட்டின் ஓரம் முழுக்கப் பரவிய புல்வகைகள்.

எண்ணிக்கை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

முயலுக்குக் குளிர்காலம் ஏற்ற காலம். பனியில் கால்தடம் தெரியும், வளை வாசலும் தெரியும். வாசலில் கிடக்கும் மிளகளவு புழுக்கையைப் பொறுக்கி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அதிலிருக்கும் மரபணுவிலிருந்து எந்த முயல், ஆணா பெண்ணா, காட்டில் பிறந்ததா என்பது வரை சொல்லிவிடலாம். முயலைத் தொடவே வேண்டியதில்லை.

அந்துப்பூச்சிக்கு அவ்வளவு வசதி இல்லை. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முட்டையையும் புழுவையும் எண்ண வேண்டும். ஒரு மழைக்குப் பிறகு நிறைய இருக்கும். வறட்சியில் ஒன்றும் இருக்காது. அழிந்துவிட்டது என்று பொருளில்லை, மண்ணுக்குள் காத்திருக்கலாம். ஆகவே ஒரே ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு இந்தப் பூச்சி கூடியது, குறைந்தது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

முயல் என்றால் மக்கள் உருகுகிறார்கள். பூச்சிக்கு யார் பேசுவார்?

முயலின் படம் ஒன்று போட்டால் போதும், நன்கொடை வரும். அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அன்பால்தான் இருபது ஆண்டுக்கு மேலாக அந்தத் திட்டம் தோல்விகளைத் தாண்டி நிற்கிறது. ஆனால் அன்பு மட்டும் கணக்கைத் தீர்மானிக்கக் கூடாது. பிக்மி முயல் வாஷிங்டனில் முற்றிலும் மறைந்தாலும் நெவாடாவில் இருக்கும். பிளாக்பர்ன் அந்துப்பூச்சி மாவி, கஹோலாவே, ஹவாய் ஆகிய தீவுகளில் மறைந்தால் உலகத்திலேயே இருக்காது. ஒரு நாடு முழு இனத்தை இழப்பதற்கும் ஒரு கூட்டத்தை இழப்பதற்கும் இடையிலான தூரத்தைப் பணம் ஒதுக்குபவர்கள் பார்க்க வேண்டும்.

2003-இல் இந்தப் பூச்சிக்காக ஏறத்தாழ 55,000 ஏக்கர் நிலத்தை முக்கிய வாழிடமாக அறிவித்தார்கள். ஒரு பூச்சிக்கு அவ்வளவா என்று கேட்டவர்களுக்கு என் பதில், அந்த நிலத்தில் பூச்சி மட்டும் இல்லை என்பதுதான். அய்யேயா, மாயாபிலோ என்று ஹவாயின் வறண்ட காட்டுச் செடிகளும் அங்கே இருக்கின்றன.

நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் எதிர்க்க மாட்டார்களா?

வாஷிங்டனில் அந்தப் பயம் இருந்தது. வயலுக்குள் ஒரு முயல் வந்துவிட்டால் உழவே முடியாமல் போய்விடுமோ என்ற பயம். அதற்கு ஒப்பந்தம் போட்டார்கள்: விருப்பப்பட்டுச் சேரும் விவசாயியின் நிலத்தில் முயல் குடியேறினால், அதைக் காரணம் காட்டி அவர்மீது கூடுதல் கட்டுப்பாடு வராது. உழவை நிறுத்தி நிலத்தை இயற்கைக்கு விடுபவர்களுக்கு அரசு ஆண்டு வாடகை தரும் திட்டமும் உண்டு. அப்படி விட்ட நிலங்களில் சேஜ்பிரஷ் திரும்ப வந்திருக்கிறது. விவசாயியை எதிரியாக்காமல் செய்த வேலை என்பதால் எனக்கு இதன்மேல் மதிப்பு அதிகம்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் ஏதாவது செய்ய முடியுமா?

மாவியிலோ ஹவாய்த் தீவிலோ வீட்டுத் தோட்டத்தில் கத்தரி, தக்காளி வைத்திருப்பவர்கள் வாலில் கொம்புள்ள பெரிய புழுவைக் கண்டால் நசுக்காதீர்கள், மருந்தும் அடிக்காதீர்கள். படம் எடுத்து மாநில வனத்துறைக்கு அனுப்புங்கள். விளக்கைத் தேடி வரும் பெரிய அந்துப்பூச்சியின் வயிற்றில் ஆரஞ்சுப் பொட்டு இருந்தால் அதையும் தெரிவியுங்கள். இளஞ்சிவப்புப் பட்டை இருந்தால் அது சக்கரைவள்ளிக் கிழங்குக் கொடியைத் தின்னும் வேறு இனம்.

சியாட்டில் பக்கம் இருப்பவர்கள் கிழக்கு வாஷிங்டனுக்குச் சுற்றுலா போகும்போது, கோடையில் காய்ந்த புல்மேல் காரை நிறுத்தாதீர்கள். சூடான புகைக்குழாய் பட்டாலே தீ பிடிக்கும். வளர்ப்பு முயலை அலுத்துப்போய் வெளியில் விடுவது எங்கேயும் கூடாது. 2020 முதல் அமெரிக்கக் காட்டு முயல்களிடையே உயிர்க்கொல்லி ரத்தக்கசிவு நோய் பரவிவருகிறது. அடைப்பிலிருக்கும் பிக்மி முயல்களுக்கு அதற்காகத் தடுப்பூசி போடுகிறார்கள். உங்கள் முயலுக்கும் கால்நடை மருத்துவரிடம் அந்தத் தடுப்பூசியைக் கேட்டுப் போடுங்கள். வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் விலங்குக் காப்பகத்தில் ஒப்படையுங்கள்.